சீனத்து மின்கார்களும் இரும்பு மின்கலமும்

முழுமையாக மின்னேற்றம் செய்த லித்தியம் மின்கலம் ஒன்றின் நடுவே ஓர் ஆணியை அடித்து இறக்கினால் என்ன ஆகும்? வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாத சோதனை இது. ஆனால் மின்கலத் தொழிற்சாலைகளில் இதைத் தகுந்த பாதுகாப்புடன் செய்து பார்க்கிறார்கள். மின்கலத்தின் உள்ளே நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒரு மெல்லிய படலத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆணி அந்தப் படலத்தைக் கிழித்து இரண்டு தகடுகளையும் நேரடியாக இணைத்துவிடுகிறது. சேர்த்து வைத்த மின்சாரமெல்லாம் அந்த ஓரிடத்தின் வழியே ஒரே சமயத்தில் பாய முயல்கிறது. அங்கே கடும் வெப்பம் மூள்கிறது.

2020 மார்ச் மாதத்தில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் இச்சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் என்ற மூன்று உலோகங்கள் கலந்த மின்கலம் ஆணி பட்டதும் தீப்பற்றி வெடித்தது. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மற்றொரு மின்கலமோ தீயும் காட்டவில்லை, புகையும் விடவில்லை. அதன் மேற்பரப்பு வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்று நிறுவனம் அறிவித்தது.

இந்த இரும்பு மின்கல வகைதான் இன்று சீனாவில் விற்பனையாகும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறது. ஆனால் அது பிறந்தது சீனாவில் அன்று. கார்த் தொழிலில் மிகவும் பின்தங்கியிருந்த ஒரு நாடு, பிறர் கண்டுபிடித்துப் பிறர் பெரிதாக மதிக்காத ஒரு மின்கலத்தைக் கொண்டு முன்னுக்கு வந்தது எப்படி? அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

தோற்றுப்போன முதல் ஆட்டம்

மின்சாரக் கார் நம் காலத்துப் புதுமை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அது பெட்ரோல் காருக்கு மூத்தது. 1881-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத் தெருவில் குஸ்தாவ் துரூவே என்பவர் மின்சார மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1899 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுக் காமீல் ஜெனாட்சி மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலில் கடந்த கார் அதுதான். அதை ஓட்டியது மின்சாரமே. 1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரக் கார்கள்.

பின் ஏன் அவை மறைந்தன? காரணம் மின்கலம். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. அக்காலத்து ஈய மின்கலமோ ஒரு கிலோவுக்கு 30, 40 வாட்-மணிக்கு மேல் தேக்கி வைக்க இயலாதது. எஞ்சின் தன் பெட்ரோலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது என்பது உண்மைதான். அப்படி வீணாக்கிய பிறகும் பெட்ரோலின் கையே ஓங்கியிருந்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மலிவான 'மாடல் டி' கார் வந்தது. 1912-இல் கைப்பிடியைச் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அத்துடன் மின்சாரக் காரின் முதல் ஆட்டம் முடிந்தது.

அடுத்த எண்பது ஆண்டுகள் பெட்ரோல் எஞ்சினின் காலம். அமெரிக்காவும் ஜெர்மனியும், பின்னர் ஜப்பானும் அந்த எஞ்சினைப் படிப்படியாகச் செப்பனிட்டுக்கொண்டே வந்தன. இந்த அனுபவம் எத்தகைய செல்வம் என்பது அந்த வரிசையில் பிந்திச் சேர்ந்த நாட்டுக்குத்தான் புரியும்.

பிந்தி வந்த நாடு

சீனாவின் முதல் மோட்டார்த் தொழிற்சாலை 1953-இல் வடகிழக்கிலுள்ள சாங்சுன் நகரில், சோவியத் நாட்டின் உதவியுடன் தொடங்கப்பட்டது. 1956-இல் அங்கிருந்து முதல் லாரி வெளிவந்தது. 1980-கள் வரையில் அங்கே கார் என்பது உயர் அலுவலர்களுக்கு உரிய வாகனமாகவே இருந்தது.

1984-இல் ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்துடன் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் அமைக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. சந்தையைத் திறந்துவிடுகிறோம், தொழில்நுட்பத்தைத் தாருங்கள் என்பது சீனாவின் எண்ணம். சந்தை திறந்தது, கார்களும் பெருகின. ஆனால் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் வடிவமைக்கும் நுட்பம் எளிதில் கை மாறவில்லை. கூட்டு நிறுவனங்கள் இலாபம் ஈட்டின. சொந்தமாக நல்ல எஞ்சின் செய்யும் திறனோ மெதுவாகத்தான் வளர்ந்தது.

இதற்கிடையே இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. 1993-இல் சீனா தான் எடுக்கும் எண்ணெயைவிட மிகுதியாகப் பயன்படுத்தத் தொடங்கி, எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. கார்கள் பெருகப் பெருக அந்தச் செலவும் பெருகும். நகரங்களின் காற்றும் கெடும்.

வேறு களத்தில் இறங்குவோம்

இந்நிலையில் வான் காங் என்ற பொறியியலாளர் ஒரு யோசனை சொன்னார். அவர் ஜெர்மனியில் கிளாஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஆடி கார் நிறுவனத்தில் பத்தாண்டுகள் பணியாற்றியவர். எஞ்சின் கலையில் ஐரோப்பா எவ்வளவு தொலைவு முன்னே சென்றிருக்கிறது என்பதை உள்ளிருந்தே கண்டவர். 2000-ஆம் ஆண்டில் அவர் சீன அரசுக்கு ஒரு திட்டக் குறிப்பை அளித்தார். பெட்ரோல் காரில் மற்றவர்களைத் துரத்திப் பிடிப்பது மிகக் கடினம். மின்சாரக் காரிலோ உலக நாடுகளெல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. ஆகையால் நாம் அந்தக் களத்தில் இறங்குவோம் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அரசு அதை ஏற்றது. 2001-இல் மின்சார வாகன ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. வான் காங் நாடு திரும்பி அதன் தலைமை அறிவியலாளரானார். திட்டத்தை 'மூன்று நெடுக்கு, மூன்று குறுக்கு' என்று சுருக்கமாகக் குறிப்பிட்டார்கள். எரிபொருள் கலக் கார், பெட்ரோலும் மின்சாரமும் கலந்த கார், முற்றிலும் மின்கலத்தால் ஓடும் கார் ஆகிய மூன்றும் நெடுக்கு. இம்மூன்றுக்கும் பொதுவாகத் தேவைப்படும் மின்கலம், மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை குறுக்கு. எந்தக் கார் இறுதியில் வெல்லும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. எது வென்றாலும் பயன்படக்கூடிய பொது உறுப்புகளை முதலில் வளர்த்தார்கள். 2007-இல் வான் காங் நாட்டின் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். ஆளும் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேராத ஒருவர் அத்தகைய பதவியில் அமர்ந்தது அரிய செய்தி.

திட்டம் தயார். ஆனால் 1900-இல் மின்சாரக் காரைத் தோற்கடித்த அதே கேள்வி மீண்டும் எதிரே நின்றது: காரை ஓட்டத்தக்க மின்கலம் எங்கே? இங்கே நாம் சீனாவை விட்டுச் சற்று விலகி, ஆய்வுக்கூடங்களுக்குச் செல்ல வேண்டும்.

கோபால்ட்டுக்குப் பதில் இரும்பு

லித்தியம் மின்கலம் எப்படி வேலை செய்கிறது? அதன் எதிர்முனையில் கிராஃபைட் என்னும் கரிப்பொருள் இருக்கிறது. நேர்முனையில் ஓர் உலோகக் கூட்டுப்பொருளின் படிகம் இருக்கிறது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுப் புறப்பட்டுக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. கார் ஓடும்போது அவை பழைய இருப்பிடத்துக்குத் திரும்புகின்றன. பள்ளிப் பிள்ளைகள் காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது போன்ற பயணம் இது. அயனிகள் மின்கலத்தின் உட்பாதையில் நேராக வருகின்றன. எலெக்ட்ரான்களுக்கு அந்தப் பாதை அடைக்கப்பட்டிருப்பதால் அவை வெளிக்கம்பி வழியே சுற்றிக்கொண்டு வருகின்றன. வரும் வழியில் மோட்டாரைச் சுழற்றிவிட்டு வருகின்றன.

1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்எனஃப் என்ற அறிஞரின் குழுவினர் கோபால்ட் ஆக்சைடு மிகச் சிறந்த நேர்முனைப் பொருள் என்று கண்டனர். 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் அதைக் கொண்டு லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைப்பேசிக்கும் ஒளிப்படக் கருவிக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் கோபால்ட் விலையுயர்ந்த உலோகம். உலக உற்பத்தியில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அன்றியும், அதிகம் சூடேறினால் கோபால்ட் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளிவிடும். நெருப்புக்கு வேண்டிய காற்று மின்கலத்தின் உள்ளேயே கிடைத்துவிடுகிறது! கைப்பேசியில் ஒரு மின்கலம் போதும். காருக்குப் பல நூறு கிலோ மின்கலங்கள் வேண்டும். விலையும் அச்சமும் அதற்கேற்பப் பெருகாவா?

மலிவான உலோகம் இரும்பு. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடில் கிடைக்கும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்கும் வழியைக் காட்டியவர்களில் ஒருவர் தமிழர். அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1981-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் குட்எனஃபுடன் சேர்ந்து முதலில் ஆக்ஸ்போர்டிலும், பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்தார். 1980-களின் இறுதியில் இவ்விருவரும் வெளியிட்ட ஆய்வுகள், வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகமும் ஆக்சிஜனும் இணைந்த சல்பேட் தொகுதியை இரும்புடன் சேர்த்தால் மின்னழுத்தம் 3.6 வோல்ட்டுக்கு உயர்வதைக் காட்டின.

இதன் காரணத்தைக் கயிறு இழுக்கும் போட்டியுடன் ஒப்பிடலாம். நடுவில் ஆக்சிஜன், ஒரு புறம் இரும்பு, மறுபுறம் கந்தகம். கந்தகம் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுத்துக்கொள்கிறது. இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. அதனால் இரும்பின் எலெக்ட்ரான் ஆற்றல் நிலை கீழே இறங்குகிறது; அந்த இறக்கமே நமக்கு மிகுதியான மின்னழுத்தமாகக் கிடைக்கிறது.

இந்த வழியிலேயே சென்று 1997-இல் பாதி, நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து குட்எனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளை அறிவித்தது. இதில் பாஸ்பரஸ் அணு நான்கு ஆக்சிஜன் அணுக்களை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சூடேறினாலும் எளிதில் விடுவதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட ஆணிச் சோதனையின் இரகசியம் இதுதான்.

ஆனால் புதிய பொருளிலும் குறைகள் இருந்தன. அதன் வழியே எலெக்ட்ரான் எளிதில் ஓடாது. துகளை மிக நுண்ணிதாக்கி, அதன்மேல் மெல்லிய கரிப்பூச்சுப் பூசி இக்குறையைத் தீர்த்தார்கள். இன்னொரு குறை நிலைத்து நின்றது: ஒரே எடையில் அது தேக்கும் மின்சாரம் கோபால்ட், நிக்கல் வகைகளைவிடக் குறைவு. ஆகவே 'பத்திரமானதுதான், ஆனால் வலுவற்றது' என்று பலரும் அதை ஒதுக்கினர்.

கைகளால் செய்த மின்கலம்

இப்போது சீனாவுக்குத் திரும்புவோம். ஆன்ஹுய் மாநிலத்தின் உழவர் குடும்பம் ஒன்றில் 1966-இல் பிறந்தவர் வாங் சுவான்ஃபூ. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரை அண்ணன் படிக்க வைத்தார். உலோக வேதியியல் பயின்று, பெய்ஜிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மின்கலங்களை ஆராய்ந்துவந்த அவர், 1995-இல் அரசு வேலையை விட்டார். உறவினர் ஒருவரிடம் 25 லட்சம் யுவான் கடன் பெற்று, 20 பேருடன் ஷென்சென் நகரில் பி.ஒய்.டி. நிறுவனத்தைத் தொடங்கினார்.

அன்று கைப்பேசி மின்கலத் தொழில் ஜப்பானியர் கையில் இருந்தது. அவர்களுடைய தானியங்கி இயந்திர வரிசையை வாங்கும் வசதி வாங்கிடம் இல்லை. அவர் என்ன செய்தார்? இயந்திரம் செய்யும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படிக்கும் எளிய பிடிகருவியும் அளவுகருவியும் செய்து, தொழிலாளர் கையில் கொடுத்தார். கூலி மலிவாக இருந்த நாட்டில் இயந்திரத்தைவிடக் கைகள் சிக்கனமானவை. தரமும் தாழவில்லை. சில ஆண்டுகளில் மோட்டரோலாவும் நோக்கியாவும் அவருடைய வாடிக்கையாளர்கள் ஆயின.

இந்த வழியில் பணச் சிக்கனத்தைவிடப் பெரிய பலன் ஒன்று கிடைத்தது. ஆயத்த இயந்திரத்தை விலைக்கு வாங்கியவர் அதை இயக்கத்தான் கற்பார். ஒவ்வொரு படியையும் தாமே அமைத்தவர், மின்கலம் எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை அறிவார்.

2003 ஜனவரியில் வாங் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நலிந்திருந்த சின்சுவான் என்ற சிறு கார் நிறுவனத்தின் 77 விழுக்காடு பங்குகளை வாங்கினார். மின்கலம் செய்பவருக்குக் கார் எதற்கு என்று முதலீட்டாளர்கள் மிரண்டனர். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. 2005-இல் வெளிவந்த அவருடைய முதல் வெற்றிக் காரான எஃப்3 பெட்ரோல் கார்தான். ஜப்பானின் கொரோலாவைப் பார்த்து வடித்தது போலவே இருந்தது. ஆயினும் அதன் விற்பனைதான் மின்சாரக் கார் முயற்சிக்குப் பணம் தந்தது. 2008 டிசம்பரில், வெளியிலிருந்து மின்னேற்றம் செய்துகொள்ளும் கலப்பு வகைக் காரை உலகில் முதன்முதலாகத் தொழிற்சாலை அளவில் செய்து பி.ஒய்.டி. விற்பனைக்கு விட்டது. அதில் இருந்தது இரும்பு பாஸ்பேட் மின்கலம். அதே ஆண்டில் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் குழுமம் ஏறத்தாழ 23 கோடி டாலர் கொடுத்து, நிறுவனத்தின் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. ஆனால் அந்தக் கார் முதல் ஆண்டுகளில் சில நூறுகூடச் சரியாக விற்கவில்லை!

ஒரே மின்கலம், இரண்டு முடிவுகள்

இதே இரும்பு மின்கலத்தை நம்பி அமெரிக்காவிலும் ஒரு நிறுவனம் எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஒருவரின் ஆய்விலிருந்து 2001-இல் பிறந்த ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனம் அது. அறிவுக்குக் குறைவில்லை. 2009-இல் அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் உதவி அளிக்கவும் இசைந்தது. ஆனால் அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்குவோர் போதிய அளவில் வரவில்லை. பழுதுள்ள மின்கலங்களைத் திரும்பப் பெற வேண்டிய செலவும் சேர்ந்தது. 2012 அக்டோபரில் அது நொடித்தது. மறு ஆண்டில் சீனாவின் வான்சியாங் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

சீன நிறுவனங்கள் தாக்குப்பிடித்தது எப்படி? அவற்றுக்கு வாங்குவோர் கிடைத்தனர். இன்னும் சரியாகச் சொன்னால், அரசு வாங்குவோரை உண்டாக்கியது. 2009-இல் 'பத்து நகரங்கள், ஆயிரம் வண்டிகள்' என்ற திட்டம் வந்தது. ஒவ்வொரு நகரமும் ஆயிரம் மின்சார வண்டிகளைச் சாலையில் விட வேண்டும் என்பது குறிக்கோள். தனி மனிதர்கள் வாங்கத் தயங்கிய காலத்தில் பேருந்துகளும் வாடகைக் கார்களும் முதல் வாடிக்கையாளர்கள் ஆயின. ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் பேருந்துகள் அனைத்தையும், அதாவது 16,359 பேருந்துகளையும், மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. நாள் முழுதும் ஓடும் பேருந்தைப் போல மின்கலத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் வேறில்லை.

இன்னொரு நிறுவனமும் இக்காலத்தில் வளர்ந்தது. ஃபூச்சியன் மாநிலத்தின் கடலோர ஊரான நிங்தேயைச் சேர்ந்த செங் யூசுன், 1999-இல் நண்பர்களுடன் கைப்பேசி மின்கல நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திடம் உரிமம் வாங்கிச் செய்த மின்கலங்கள், பலமுறை மின்னேற்றியதும் உப்பிப்போயின. செங் மின்பகுளிக் கரைசலின் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்து, அந்தக் கோளாற்றைத் தாமே தீர்த்தார். 2011-இல் அவர் தம் சொந்த ஊரில் கார் மின்கலத்துக்கென்றே சி.ஏ.டி.எல். நிறுவனத்தை நிறுவினார். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு மின்கலம் செய்துதர ஒப்புக்கொண்டபோது ஜெர்மானியர் கொடுத்த தர விதிகள் 800 பக்கங்களுக்கு மேல் இருந்தன. அவற்றை வரிக்கு வரி நிறைவேற்றியதே அந்நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகப் படிப்பாயிற்று. 2017 முதல் உலகிலேயே மிகுதியாகக் கார் மின்கலம் செய்யும் நிறுவனம் அதுதான்.

மானியமும் மோசடியும்

அரசின் பணம் பாயும் இடத்தில் களையும் முளைக்கும். வண்டிக்கு இவ்வளவு மானியம் என்று அறிவித்ததும், இல்லாத வண்டிகளைக் கணக்கில் காட்டியவர்கள் தோன்றினர். மின்கலம் பொருத்தாத வண்டிகளுக்கும் பணம் கோரினர். 2016 செப்டம்பரில் சீன நிதி அமைச்சகமே ஐந்து பேருந்து நிறுவனங்களின் மோசடியை வெளியிட்டது. தொகை ஏறத்தாழ 100 கோடி யுவான்.

மானிய விதிகள் தொழில்நுட்பத்தின் போக்கையும் திருப்பிவிட்டன. குறைந்த எடையில் மிகுந்த மின்சாரம் தேக்கும் மின்கலத்துக்கே அதிக மானியம் என்று 2017 முதல் விதித்தார்கள். நிறுவனங்கள் நிக்கல், கோபால்ட் மின்கலத்துக்குத் தாவின. இரும்பு மின்கலம் மீண்டும் ஒதுக்கப்பட்டது. 2019-இல் மானியம் பெருமளவில் குறைக்கப்பட்டபோதுதான், விலை என்ன, பாதுகாப்பு என்ன என்ற பழைய கேள்விகளுக்கு மதிப்பு வந்தது.

அதே 2019-இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் சீனக் கூட்டாளி இல்லாமலே ஷாங்காயில் சொந்தத் தொழிற்சாலை கட்ட அரசு இசைவு அளித்திருந்தது. ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. டிசம்பரில் கார் வெளிவந்தது. மானியத்தின் நிழலில் வளர்ந்த உள்நாட்டு நிறுவனங்கள் உலகின் வலிமைமிக்க போட்டியாளருடன் நேருக்கு நேர் மோத வேண்டியதாயிற்று.

பிளேடு வடிவத்தில் ஒரு விடை

2020-இல் பி.ஒய்.டி. வெளியிட்ட மின்கலத்துக்கு 'பிளேடு' என்று பெயர். அதன் வேதியியலில் பெரிய புதுமை இல்லை, வடிவத்தில்தான் இருந்தது. அதுவரை காரின் மின்கலங்களை அடுக்கிய முறை மருந்துக் கடை முறை எனலாம். மாத்திரைகள் அட்டையில்; அட்டைகள் பெட்டியில். அதுபோல மின்கலங்களைச் சிறு பெட்டிகளில் அடைத்து, அப்பெட்டிகளைப் பெரிய பெட்டியில் வைத்தார்கள். பெரிய பெட்டியின் கொள்ளளவில் மின்கலம் பிடித்த இடம் 40 விழுக்காடு அளவே. மற்றதெல்லாம் உறையும் சட்டமும்.

புதிய மின்கலம் 96 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம், 1.35 சென்டிமீட்டர் தடிப்பு உடையது. இத்தகைய நீண்ட தகடுகளை அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நேரே பெரிய பெட்டியில் அடுக்கினார்கள். சிறு பெட்டிகள் தேவையில்லாமல் போயின. தகடுகளே பெட்டிக்கு உறுதியும் தந்தன. மின்கலம் பிடிக்கும் இடம் 60 விழுக்காடாக உயர்ந்தது என்கிறது நிறுவனம். எளிதில் தீப்பற்றாத மின்கலமாதலால்தான் இவ்வளவு நெருக்கமாக அடுக்க முடிந்தது. எடைக்கு எடை வலுவற்றது என்று ஒதுக்கப்பட்ட பொருள், இடச் சிக்கனத்தால் அந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிட்டது. 2021-இல் சீனாவில் இரும்பு மின்கலம் மற்ற வகையை முந்தியது.

அதன்பின் எண்கள் விரைந்து ஏறின. மின்னேற்றம் செய்துகொள்ளும் வாகனங்கள், கலப்பு வகையையும் சேர்த்து, சீன நிறுவனங்கள் விற்றவை 2020-இல் சுமார் 13.7 லட்சம், 2022-இல் சுமார் 69 லட்சம், 2024-இல் சுமார் 129 லட்சம். 2020-இல் வூலிங் நிறுவனம் 28,800 யுவான் விலையில் ஒரு சிறு மின்சாரக் காரை விற்றது. 2014-இல் தொடங்கிய நியோ நிறுவனம், தீர்ந்த மின்கலத்தைச் சில நிமிடங்களில் கழற்றி, நிறைந்ததை மாட்டித்தரும் நிலையங்களை அமைத்தது. 2022 மார்ச்சில் பி.ஒய்.டி. பெட்ரோலால் மட்டும் ஓடும் கார் செய்வதை நிறுத்திவிட்டது. 2023-இல் சீனா ஜப்பானை முந்தி, உலகில் மிகுதியாகக் கார் ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. 2024 ஜூலையில் சீனாவில் சில்லறையில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை மின்னேற்றம் செய்துகொள்ளும் கார்கள்.

கணக்கின் மறுபக்கம்

இவ்வெற்றியின் விலையையும் நாம் கணக்கிட வேண்டும். மானியத்தை நம்பி எழுந்த நிறுவனங்கள் பல மறைந்துவிட்டன. 2015-இல் தொடங்கிய டபிள்யூ.எம். மோட்டார் 2023 அக்டோபரில் நொடிப்பு வழக்குக்கு உள்ளாயிற்று. நிறுவனம் போனால் உதிரி உறுப்புக்கும் மென்பொருளுக்கும் காரின் சொந்தக்காரர் எங்கே போவார்? 2023 முதல் நடக்கும் விலைப் போரில் நிறுவனங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதன் சுமை உறுப்புகள் செய்து தரும் சிறு தொழிலதிபர்கள் மேல் இறங்கியது. பாக்கியை 60 நாளுக்குள் தருகிறோம் என்று பெரிய நிறுவனங்கள் 2025 ஜூனில் வாக்குறுதி தர வேண்டிய நிலை வந்தது என்றால், அதற்குமுன் அவர்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வியே. 2024-இல் சீனாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து கிடைத்தது. கார் செல்லும் தெருவில் புகை இல்லை. ஆனால் எங்கோ ஒரு புகைபோக்கியில் இருக்கிறது. சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகும் அளவுக்குத்தான் இந்தக் கார்களும் தூயவை ஆகும்.

பிற நாடுகளும் வாளாவிருக்கவில்லை. சீன மின்சாரக் கார்கள் மீது அமெரிக்கா 2024-இல் 100 விழுக்காடு வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில், ஏற்கெனவே இருந்த 10 விழுக்காட்டுக்கு மேல், நிறுவனத்தைப் பொறுத்து 35.3 விழுக்காடு வரை கூடுதல் வரி போட்டது.

அறிவு எங்கே இருக்கிறது?

2023 பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரும்பு பாஸ்பேட் மின்கலத் தொழிற்சாலை கட்டப்போவதாகவும், அதற்கான தொழில்நுட்பத்தைச் சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றுக்கொள்வதாகவும் அது கூறியது. 1908-இல் மின்சாரக் காரைச் சந்தையிலிருந்து விரட்டிய அதே ஃபோர்டு! டெக்சாஸில் கண்டுபிடித்த மின்கலத்தைச் செய்யும் முறையை ஓர் அமெரிக்க நிறுவனம் சீனாவிடம் கேட்டுப் பெறுகிறது. 2025 ஜூலையில் சீன அரசு இந்த மின்கலத்தின் நேர்முனைப் பொருளைச் செய்யும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு லித்தியம் மின்கலத்துக்காகக் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. அப்போது 97 வயதாகியிருந்த குட்எனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டிலே கற்ற வேதியியல் அந்த மேடை வரை சென்றது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு நாம் நின்றுவிடலாகாது.

இரும்பு மின்கலத்தின் சூத்திரம் 1997 முதல் உலகறிய அச்சில் இருந்தது. படிக்கத் தெரிந்த எவரும் படித்திருக்கலாம். துகளை எவ்வளவு நுண்ணிதாக்குவது, கரைசலில் எதைக் கூட்டி எதைக் குறைப்பது, ஆயிரம் மின்கலத்தில் ஒன்று கெட்டால் ஏன் கெட்டது என்பன போன்ற அறிவெல்லாம் தொழிற்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கே கிட்டியது. முதல் கார் சில நூறுகூட விற்காத நாட்களிலும் அவர்கள் அங்கிருந்து அகலவில்லை. ஆய்வுக்கூடத்தில் அறிவியல் கற்கும் மாணவர்கள், அதைத் தொழிற்கூடம் வரை கொண்டுசெல்லும் பொறுமையையும் கற்றுக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்தவரின் ஊருக்கு நோபல் பரிசு கிடைக்கலாம். பொறுமையாகச் செய்து பழகியவரின் ஊரில்தான் தொழிலும் வேலையும் நிலைக்கும்.